தொல்லியல் பயிலப் புகுமுன்: மலேசியத் தமிழ் மாணவர்க்கான பல்கலைக்கழகத் தெரிவு

முன்னுரை

கிள்ளானிலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருவர், தம் தாயாருடனும் தமிழாசிரியருடனும் நம் துறைக்கு வந்திருந்தார். கீழடி பற்றிய செய்திகளைப் படித்தும் பூஜாங் பள்ளத்தாக்கிற்குப் பள்ளிச் சுற்றுலா சென்று வந்தும் அவருக்குத் தொல்லியலில் நாட்டம் பிறந்திருந்தது. "ஐயா, தொல்லியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது?" என்று கேட்டார். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நாம் வினவியபோது, "கடாரம் நம்முடையது என்பதை நிறுவ வேண்டும்" என்று தயக்கமின்றி விடையளித்தார். தாயார் முகத்தில் பெருமிதமும், படித்தால் வேலை கிடைக்குமா என்ற கவலையும் ஒருசேரத் தெரிந்தன.

இவ்வகை வினாக்கள் அண்மை ஆண்டுகளில் நம்மிடம் அடிக்கடி வருகின்றன. இவற்றுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை விடையாகக் கூறிவிடுவது எளிது. நாமும் ஒருமுறை அவ்வாறு கூறிப் பிழை செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் துறையில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொல்லியல் முதுகலை பயிலச் செல்வதற்கு நாம் பரிந்துரைக் கடிதம் அளித்தோம். அந்நிறுவனத்தின் பெயரும் புகழும் நமக்குப் போதுமானவையாக இருந்தன. அப்படிப்பில் களப்பணி எத்தனை நாள் என்று நாம் கேட்கவில்லை. அவர் நல்ல தேர்ச்சியுடன் திரும்பினார். பணிக்கான நேர்காணலில் ஓர் அகழாய்வுக் குழியின் வெட்டுமுக வரைபடத்தைக் காட்டி விளக்கச் சொன்னபோது அவரால் இயலவில்லை. பட்டம் இருந்தது, தம் கையால் எழுதிய களக் குறிப்பேடு ஒன்றுகூட இல்லை. அவர் குடும்பம் செலவிட்ட பணத்திற்கும் காலத்திற்கும் நாமும் பொறுப்பாளிகள் என்ற எண்ணம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

எனவே, தொல்லியல் பயில விரும்பும் மலேசியத் தமிழ் மாணவர் ஒரு படிப்பைத் தெரிவு செய்யுமுன் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதையும், அம்மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: பல்கலைக்கழகத்தின் புகழையோ, ஓர் அகழாய்விடத்தின் மீது நமக்குள்ள பற்றையோ கொண்டு படிப்பைத் தெரிவு செய்தல் ஆகாது, அப்படிப்பு மாணவரின் கைக்கும் கண்ணுக்கும் தரும் பயிற்சியைக் கொண்டே தெரிவு செய்தல் வேண்டும்.

1. கடாரம் கற்பிக்கும் பாடம்

தொல்லியல் பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதைக் காட்ட, நம் நாட்டிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் இடம்பெற்ற கடாரம், இன்றைய கெடாப் பகுதி என்பது அறிஞர் பலரின் கருத்து. லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் ஓர் ஊரைக் கொடையாக அளித்த செய்தியைத் தருகின்றன. எழுத்துச் சான்றுகள் இவ்வாறு இருக்க, மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகள் வேறு பல செய்திகளையும் கூறுகின்றன.

குவாரிட்ச் வேல்ஸ் 1930களின் பிற்பகுதியில் இப்பள்ளத்தாக்கின் பல இடங்களை அகழ்ந்து, 1940ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் தலைப்பிலேயே 'மலாயாவில் பண்டைய இந்தியக் குடியேற்றம்' என்னும் கருத்தை அமைத்துக்கொண்டார். வந்தவர் கொடுத்தனர், இருந்தவர் பெற்றுக்கொண்டனர் என்பது அக்கால நோக்கு. பின்னர் அலாஸ்டர் லாம் 1950களின் இறுதியில் புக்கிட் பத்து பகாட் சண்டியை அகழ்ந்து மீட்டமைத்தார். 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் சுங்கை பத்துவில் நிகழ்த்திய அகழாய்வு, இரும்புருக்கும் தொழிலகங்களையும் படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டுமானங்களையும் சடங்குக்குரிய செங்கல் மேடை ஒன்றையும் வெளிப்படுத்தியது. அம்மேடைக்கு முதலில் கி.பி. 110 என்ற காலம் கூறப்பட்டது. பின்னர் அவ்வளாகத்திற்குக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளும் அறிவிக்கப்பட்டன. அக்காலக்கணிப்புகள் சில பற்றி அறிஞரிடையே ஐயங்களும் எழுந்தன. 2023ஆம் ஆண்டு புக்கிட் சோராஸ் குன்றில் அதே பல்கலைக்கழகத்தினர் பௌத்தத் தூபி ஒன்றின் அடித்தளத்தையும் சுதையாலான மனித உருவங்களையும் கண்டறிந்தனர்.

இவ்வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. மண் மாறவில்லை, கேள்வி கேட்டவரின் பயிற்சியும் நோக்குமே மாறின. கோயிலைத் தேடியவர் கோயிலைக் கண்டார். உலைக்களத்தைக் காணும் பயிற்சி பெற்றவர் இரும்புக் கசட்டையும் ஊதுலைக் குழலின் துண்டையும் கண்டார். கடாரம் நம்முடையதா, பிறருடையதா என்ற விடையை முன்னரே எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்குபவர் எவராயினும், கசட்டைக் கல்லென்று ஒதுக்கிவிடும் இடர் உண்டு. அம்மாணவியிடம் நாம் கூறியதும் இதுவே: விடை தெரிந்துவிட்டதெனில் படிப்புத் தேவையில்லை, விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டால்தான் படிப்புத் தேவை.

2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மற்றொரு செய்தியையும் இங்கு நினைவுகூர வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்று ஆய்வாளரால் குறிக்கப்பெற்ற கட்டடம், நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்தழிக்கப்பட்டது. அந்நிலம் பாரம்பரியத் தலமாக அரசிதழில் பதிவு பெறாதிருந்தது. நம் சமூகம் அப்போது கண்டனக் கூட்டங்கள் நடத்தியது; அறிக்கைகள் விடுத்தது. ஆயினும், அக்கட்டடத்தை அளந்து ஆவணப்படுத்தவும், அதன் சிறப்பை அதிகாரிகளுக்கு அறிவியல் மொழியில் எடுத்துரைக்கவும் வல்ல பயிற்சி பெற்றோர் நம்முள் எத்தனை பேர் என்ற கேள்வி எஞ்சி நின்றது.

2. கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

2.1 களம்

முதல் வினா: இப்படிப்பில் மாணவர் எத்தனை நாள் களத்தில் இருப்பார், அங்கு என்ன செய்வார்?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் நிறுவனத்தில் இளங்கலை மாணவர் 70 நாள் களப்பணி முடித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால நெறி. இவ்வெண்ணிக்கையை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஏதேனும் ஒரு படிப்பில் 'களப் பயணம்' என்பது பேருந்தில் சென்று கோயிலைப் பார்த்து மாலையில் திரும்புவதாக இருப்பின், அது சுற்றுலாவே அன்றிக் களப்பணி ஆகாது. மாணவர் குழியைத் தாமே அளந்து கட்ட வேண்டும். மண்ணின் நிறம், இறுக்கம், கலப்பு ஆகியவற்றைக் கொண்டு அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டும். ஒவ்வோர் அடுக்கிற்கும் எண்ணிட்டுக் குறிப்பெழுத வேண்டும். வெட்டுமுகத்தை வரைய வேண்டும். கிடைத்த பானை ஓடுகளைக் கழுவி, எண்ணிட்டு, வகைப்படுத்த வேண்டும்.

மண்ணடுக்கு முறையை இந்தியத் தொல்லியலில் வேரூன்றச் செய்தவர் மார்ட்டிமர் வீலர். மேற்கூறிய இலண்டன் நிறுவனம் 1937ஆம் ஆண்டு தோன்றியதற்கு அவரே முதன்மைக் காரணர். அவர் 1945ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, காலம் அறியப்பட்ட உரோமானிய மட்கலங்கள் எந்த அடுக்கில் கிடைத்தன என்பதைக் கொண்டு உள்ளூர் மட்கலங்களின் காலத்தை உறுதிசெய்தார். ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளில் மட்டுமின்றி, அது கிடந்த இடத்திலும் உள்ளது என்பதே அவ்வகழாய்வு தந்த பாடம். அடுக்கைப் பதிவு செய்யாமல் தோண்டி எடுத்த பொருள், பக்கம் கிழிக்கப்பட்ட ஏட்டை ஒத்தது; எழுத்து இருக்கும், எந்நூலின் எவ்விடம் என்பது தெரியாது. இதை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கலாம். குழிக்குள் இறங்கினாலன்றிப் பழக்கமாகாது.

2.2 ஆய்வகமும் காலக்கணிப்பும்

இரண்டாம் வினா: இத்துறைக்கு ஆய்வகம் உண்டா, மாணவர் அதில் பணிபுரிய இயலுமா?

இன்று தொல்லியல் குறித்து எழும் பூசல்களுட் பல, காலம் பற்றியவை. கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்து, 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவ்விடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது. தொடக்கக் கட்டங்களை வழிநடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு கேட்டதும், அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றதும் செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டன. அவ்விவாதத்தில் எப்பக்கம் நியாயம் என்று கூற விரும்புவோர், கரிமக் காலக்கணிப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

கரிமக் காலக்கணிப்பு முறையை வில்லார்டு லிப்பி 1940களின் இறுதியில் உருவாக்கினார். உயிருள்ளவை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கதிரியக்கக் கரிமத்தைப் பெறுகின்றன; இறந்தபின் அது சிதைந்து குறைகிறது; 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியுள்ள அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். ஆயின், காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே, ஆய்வகம் தரும் எண்ணை மரவளையங்கள் முதலியவற்றால் வரைந்த ஓர் அளவுத்திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டைப் பெற வேண்டும். அக்கோடு கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடையே ஏறத்தாழச் சமதளமாகக் கிடக்கிறது. அதன் விளைவு யாது? ஆய்வகம் ஒரு மாதிரிக்கு '2450, கூட்டல் கழித்தல் 30' என்று துல்லியமாகக் கூறினும், திருத்தியபின் கிடைப்பது ஒற்றை ஆண்டன்று, சற்றேறக்குறையக் கி.மு. 750 முதல் கி.மு. 410 வரை எதுவாகவும் இருக்கக்கூடிய ஒரு நீண்ட இடைவெளியே ஆகும்.

கீழடிக்கும் சுங்கை பத்துவுக்கும் கூறப்படும் மிகத் தொன்மையான காலங்கள் இச்சமதளப் பகுதிக்குள்ளேயே அமைகின்றன என்பது கவனத்திற்குரியது. இதனால் அக்காலங்கள் பொய் என்று ஆகிவிடா. ஒற்றை மாதிரியை நம்பாமல், ஓர் அடுக்கிலிருந்து பல மாதிரிகளை எடுத்து, அடுக்கு வரிசையோடும் மட்கல வகையோடும் ஒளித்தூண்டல் போன்ற வேறு முறைகளோடும் ஒப்பிட வேண்டும் என்பதே இதன் பொருள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. இராஜன் பொருந்தலில் நிகழ்த்திய அகழாய்வில், எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியுடன் அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பிக் கி.மு. 490 என்ற விடையைப் பெற்றார். அம்முடிவின் வலிமையும் வரம்பும் யாவை என்று ஒரு மாணவர் தாமே எடைபோட வேண்டுமாயின், இவற்றைக் கற்பிக்கும் படிப்பையே அவர் நாட வேண்டும். முழு ஆய்வகம் இல்லாத துறையும் மாதிரிகளை எடுக்கும் முறையையும் முடிவுகளைப் படிக்கும் முறையையும் செம்மையாகக் கற்பிக்கக்கூடும். அவற்றைக் கற்பிக்காத துறையில் சேர்வது பயனற்றது.

2.3 மொழியும் எழுத்தும்

மூன்றாம் வினா: இப்படிப்பில் கல்வெட்டு எழுத்தியலும் அதற்குரிய மொழிகளும் கற்பிக்கப்படுகின்றனவா?

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு இயல்பானதொரு வாய்ப்பு உண்டு. ஓர் எச்சரிக்கையும் உண்டு. தென்கிழக்காசியாவில் கிடைத்த தமிழ் எழுத்துச் சான்றுகள் சில பெருமதிப்புடையன. தாய்லாந்தின் கிராபிப் பகுதியிலுள்ள குவான் லுக் பாட்டில் கிடைத்த பொன் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைச் சார்ந்தது. இவற்றை முதற்படியிலேயே படித்துப் பொருள் கொள்ளும் தகுதி தமிழ் அறிந்த தொல்லியலாளர்க்கு உண்டு. பாருஸ் பகுதியின் தமிழ்க் கல்வெட்டை எ. சுப்பராயலு ஆராய்ந்து விளக்கியமை இதற்குச் சான்று.

எச்சரிக்கை யாதெனில், தமிழ் மட்டும் போதாது என்பதே. ஜேம்ஸ் லோ 1834ஆம் ஆண்டு கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு, ஒரு மாலுமியின் வேண்டுதலைக் கூறுவது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. அதன் எழுத்து தென்னிந்திய மரபினது, மொழியோ வடமொழி. கெடாப் பகுதியில் கிடைத்துப் பரவலாக அறியப்பட்ட பழங்கல்வெட்டுகள் வடமொழியிலேயே அமைந்துள்ளன. எழுத்து வேறு, மொழி வேறு, பேசிய மக்கள் வேறு என்ற பகுப்பை அறியாதவர், தென்னெழுத்தைக் கண்டவுடன் தமிழர் என்றும், வடமொழியைக் கண்டவுடன் வடவர் என்றும் முடிவு கூறிவிடுவர். இவ்விரண்டும் பிழையே. அம்மாலுமி எவ்வூரார், அவர் வேண்டுதலைக் கல்லில் பொறித்தவர் எவர் என்பன வெவ்வேறு கேள்விகள். ஆகவே, தமிழோடு வடமொழியின் அடிப்படையும், பழைய மலாய் மொழியின் அறிமுகமும் தரும் படிப்பு, அல்லது அவற்றை வேறு துறையில் பயில இசைவு தரும் படிப்பு, நம் நாட்டு மாணவர்க்கு மிகவும் பொருந்தும்.

2.4 உரிமமும் பணியிடமும்

நான்காம் வினா: இப்பட்டத்தைக் கொண்டு எங்கு அகழலாம், எங்குப் பணிபுரியலாம்?

பெற்றோர் கேட்கும் வினா இது. இதனை இழிவாகக் கருதுதல் கூடாது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, பாரம்பரிய ஆணையரின் ஒப்புதல் இன்றித் தொல்லியல் அகழாய்வு நிகழ்த்த இயலாது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. இந்தியாவிலும் அகழாய்வுக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். நடைமுறையில் இவ்வுரிமங்கள் தனியொருவருக்கன்றிப் பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் குழுக்களுக்கே வழங்கப்படுகின்றன. அயல்நாட்டில் பயின்று திரும்பும் மாணவர், உள்நாட்டுக் குழு எதனோடும் தொடர்பின்றி இருப்பாராயின், அவருடைய திறன் மண்ணைத் தொடாமலேயே மங்கிவிடும்.

நம் நாட்டில் இதற்குரிய பணியிடங்கள் மிகச் சில. தேசியப் பாரம்பரியத் துறை, அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இதை மறைத்து மாணவரை ஊக்குவித்தல் நேர்மையன்று. எனவே, நில அளவை, புவியியல் தகவல் முறைமை, பொருட்பாதுகாப்பு, ஆவணக் காப்பு போன்ற பிற துறைகளிலும் பயன்படும் திறன்களைச் சேர்த்துத் தரும் படிப்பு மேலானது. அயல்நாட்டுப் பட்டத்தைப் பொறுத்தவரை, அது இங்கு ஏற்கப்படுமா என்பதை மலேசியத் தகுதி முகவாண்மையிடம் புறப்படுமுன் கேட்டறிதல் இன்றியமையாதது. திரும்பி வந்தபின் கேட்பதில் பயனில்லை.

3. நம் மாணவர்முன் உள்ள வழிகள்

மேற்கூறிய நான்கு வினாக்களைக் கொண்டு, நம் மாணவர்முன் உள்ள சில வழிகளைச் சுருக்கமாக நோக்கலாம்.

உள்நாட்டில் முதன்மையானது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகத் தொல்லியல் ஆய்வு மையமாகும். லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் 1991ஆம் ஆண்டு 'பேராக் மனிதன்' எனும் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுப் பழமையுடைய எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தவர்கள் சுரைனா மஜிட் தலைமையிலான அப்பல்கலைக்கழகக் குழுவினரே. லெங்கோங் 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. களம், உரிமம் ஆகிய இரு வினாக்களுக்கும் இம்மையம் தரும் விடை வலிமையானது. நம் மாணவர் பலர் வடக்கே பினாங்கை எண்ணிப் பார்ப்பதே இல்லை. கடாரத்தை ஆராய விழைவோர் கடாரத்தின் அருகில் உள்ள நிறுவனத்தை விட்டுவிட்டுக் கடல் கடக்க எண்ணுவது விந்தையே. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வில் நெடிய மரபுடையது. நிக் ஹசான் ஷுஹைமி அம்மரபில் குறிப்பிடத்தக்கவர். இவ்விரு வழிகளுக்கும் மலாய் மொழியில் ஆய்வேடு எழுதும் ஆற்றல் பெருந்துணையாகும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவர் இதனைத் தடையாகக் கருதாமல், தம் ஆய்வை இந்நாட்டின் பிற மக்களும் படிப்பதற்குரிய வாயிலாகக் கருத வேண்டும்.

தமிழகத்தை நோக்கின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொல்வரலாறு மற்றும் தொல்லியல் துறை உள்ளது. 1981ஆம் ஆண்டு தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம், கல்வெட்டியலையும் தொல்லியலையும் ஒரே துறையில் இணைத்தது. கடல்சார் வரலாற்றுக்கும் கடல்சார் தொல்லியலுக்கும் தனித்துறை கண்டது. அப்பல்கலைக்கழகம் 1980களில் கொடுமணலில் அகழ்ந்து, இரும்பு உருக்குத் தொழிலுக்கும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளுக்கும் சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. சுங்கை பத்துவின் உலைகளை ஆராய விரும்பும் மாணவர் கொடுமணலின் உலைகளையும் கற்றறிதல் பெரும்பயன் தரும். மூன்றாம் வினாவுக்கு, அஃதாவது எழுத்துக்கும் மொழிக்கும், தமிழகத்தை விஞ்சிய இடமில்லை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் பட்டயப் பயிற்சி நடத்துகிறது. அயல்நாட்டு மாணவர்க்கு அதில் இடமுண்டா என்பதையும், மாணவர் நுழைவிசைவுடன் அகழாய்வில் பங்கேற்கலாமா என்பதையும் எழுத்து வழியே கேட்டு உறுதிசெய்த பின்னரே பயணம் மேற்கொள்ள வேண்டும்.

புனேயிலுள்ள தெக்காணக் கல்லூரி, ஹஸ்முக் சங்காலியா வளர்த்தெடுத்த தொல்லியல் மரபினது. விலங்கெலும்பு, தொல்தாவரம், மண்ணியல் முதலிய அறிவியற் பிரிவுகளைத் தொல்லியலோடு இணைத்துப் பயிற்றுவதில் இந்திய அளவில் முன்னோடியாக விளங்கியது. இரண்டாம் வினாவுக்கு ஏற்ற விடை இங்கு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரின் ஆனைக்கோட்டை அகழாய்வு, எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றை 1980களின் தொடக்கத்தில் தந்தது. இடர் மிகுந்த காலத்திலும் சிறிய வளங்களைக் கொண்டு ஒரு துறை களப்பணியைக் கைவிடாதிருக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. இலண்டன் நிறுவனம் களத்திலும் ஆய்வகத்திலும் சிறந்தது. ஆயின் அதன் செலவு பெரிது, தமிழ் எழுத்தியலுக்கு மாணவர் வேறிடம் நாட வேண்டும்.

எந்த ஒரு நிறுவனமும் நான்கு வினாக்களுக்கும் முழுவிடை தருவதில்லை என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். ஆகவே, ஒரே பல்கலைக்கழகத்தில் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பாராமல், படிநிலைகளாகத் திட்டமிடுதலே தக்கது. காட்டாக, உள்நாட்டில் வரலாறு, இந்தியவியல், நிலவியல் ஆகியவற்றுள் ஒன்றில் இளங்கலை. விடுமுறைகளில் உள்நாட்டு அகழாய்வுக் குழுவில் தொண்டர் பணி. தமிழகத்தில் எழுத்தியல் பயிற்சி. பின்னர்ப் பினாங்கிலோ அயல்நாட்டிலோ ஆய்வு முதுகலை என அமைத்துக்கொள்ளலாம். நிலவியல் பயின்றவர் தொல்லியலுக்கு வருவதை நம்மவர் வழிதவறுதலாகக் கருதுவதுண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில் கடற்கரை பண்டு உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்ததையும், ஆற்று வண்டல் படிந்து துறைமுகங்கள் இடம் மாறியதையும் உணர்த்தியது மண்ணறிவே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்குதல்

படிப்பைத் தெரிவு செய்யுமுன், தமக்கு இத்துறை உண்மையில் ஒத்துவருமா என்பதை மாணவர் தம் ஊரிலேயே சோதித்துக்கொள்ளலாம். தொல்லியல் கெடாவிலும் கீழடியிலும் மட்டுமே உள்ளது என்று எண்ணுதல் பிழை. கிள்ளானில் கிடைத்த பழைமையான வெண்கல மணி ஒன்று இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் 1964ஆம் ஆண்டு, ஒரு பலகையின்மேல் வைக்கப்பட்டிருந்த இரு வெண்கல முரசுகள் கிடைத்தன. கிள்ளான் மாணவி தம் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் இத்தகைய சான்றுகள் கிடைத்துள்ளன என்பதை அறிந்திருக்கவில்லை. அவருடைய ஆசிரியரும் அறிந்திருக்கவில்லை. நாமும் நம் மாணவப் பருவத்தில் அறிந்திருக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் எனும் பெயரே செங்கற் சூளைகளால் வந்தது. 1880களில் கோலாலம்பூரின் மரக்கட்டடங்களுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழுந்தபோது, அவற்றுக்கான கல் இங்கு சுடப்பட்டது. பழைய சுவர் ஒன்றின் செங்கல்லை அளந்து, அதன் நீள அகலத்தையும் முத்திரையையும் சுண்ணச்சாந்தையும் குறித்துக்கொள்வது சிறந்த முதற்பயிற்சியாகும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தேசிய அருங்காட்சியகம் உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் மட்கலங்களின் பெருந்தொகுதி உள்ளது. ஒரு சில்லின் விளிம்பைக் கொண்டு முழுக்கலத்தை உய்த்துணரும் பயிற்சிக்கு அது ஏற்றது.

இவற்றினும் நெருங்கியவை நம் தோட்டப்புறங்கள். கிள்ளான், கோலசிலாங்கூர்ப் பகுதிகளில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறும்போது, லயன் வீடுகளின் அடித்தளம், பொதுக்கிணறு, கல்லறைக் கல், கோயில் மணியில் பொறித்த பெயரும் ஆண்டும் ஆகியன ஒருசில நாளில் மறைந்துவிடுகின்றன. இவற்றைத் தோண்டுதல் கூடாது. அது சட்டத்திற்கும் முறைக்கும் மாறானது. அளக்கலாம், வரையலாம், படமெடுக்கலாம், கல்லில் உள்ளதை உள்ளவாறே பார்த்தெழுதலாம், முதியவரிடம் கேட்டுப் பதியலாம். ஓராண்டு இவ்வாறு ஒரு குறிப்பேட்டை நிரப்பிய மாணவர், வெயிலும் புழுதியும் சலிப்பும் தமக்கு ஒத்துவருமா என்பதைத் தாமே அறிந்துகொள்வார். பல்கலைக்கழக நேர்காணலில் அக்குறிப்பேடு எந்தப் பரிந்துரைக் கடிதத்தினும் வலிமையாகப் பேசும்.

முடிவுரை

தமிழாசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. மாணவரிடம் தொல்லியல் நாட்டத்தைத் தூண்டுவது பெரும்பாலும் அவர்களே. அந்நாட்டம் தோன்றுங்கால், பெருமிதத்தோடு நிறுத்திவிடாமல், களம், ஆய்வகம், மொழி, பணியிடம் ஆகிய நான்கினையும் கேட்குமாறு பழக்குதல் வேண்டும். விண்ணப்பிக்குமுன் துறைத் தலைவர்க்கு நேரடியாக எழுதிக் கடந்த ஆண்டில் மாணவர் எங்கு அகழ்ந்தனர், எத்தனை நாள், படித்து முடித்தோர் இன்று எங்குள்ளனர் என்று கேட்கச் சொல்ல வேண்டும். நல்ல துறை இவற்றுக்கு மகிழ்ந்து விடையளிக்கும். விடை வாராத இடத்தில் சேராதிருப்பதே நலம்.

அன்று வந்த மாணவி விடைபெறும்போது, "அப்படியென்றால், கடாரம் நம்முடையது இல்லையா, ஐயா?" என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டார். அது எமக்குத் தெரியாது என்றும், தெரிந்துகொள்ளும் முறையை நீங்கள் கற்றுவந்தால் எமக்கும் கற்பிக்கலாம் என்றும் கூறினோம். ஏழு மாதங்களுக்குப்பின் அவர் மீண்டும் வந்தார். பல்கலைக்கழக விண்ணப்பம் எதுவும் கையில் இல்லை. தம் பாட்டியார் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் கல்லறைக் கற்கள் நாற்பத்தொன்றின் அளவும் எழுத்தும் அடங்கிய குறிப்பேடு ஒன்றை மேசைமேல் வைத்தார். மூன்று கற்களில் ஆண்டு தேய்ந்திருந்தது. அவ்விடங்களை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விட்டிருந்தார். இம்முறை அவர்க்குப் பரிந்துரைக் கடிதம் எழுத நாம் தயங்கவில்லை.